மூன்றாம் நம்பர் கணினியில் சத்தம் வராது

அம்மாவுக்குக் காது கேட்காது. பிறவியிலேயே அப்படி அல்ல. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது வந்த ஒரு காய்ச்சல், போகும்போது காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பேச்சு மட்டும் பழையபடியே இருந்தது. தன் குரல் தனக்கே கேட்காததால், மாதா கோயில் பூசை நேரத்தில் என்னிடம் ரகசியம் சொன்னால்கூட பலிபீடத்தில் நிற்கும் சாமியார் திரும்பிப் பார்ப்பார். மற்றவர்கள் பேசுவதை வாயசைவைப் பார்த்துத்தான் பிடிப்பாள். ஆனால் எல்லோருடைய வாயும் அவளுக்குப் பிடிபடாது. என் வாய், அண்ணன் வாய், துபாயில் இருக்கும் அவளுடைய தம்பியின் வாய், அவ்வளவுதான். அதில் அண்ணன் வாய்தான் நல்ல தெளிவு என்பாள். எனக்கு அவள் கொடுத்த சான்றிதழ் வேறு: "நீ பேசுதது சோத்த மென்னுட்டே பேசுத மாதிரி இருக்கு பிள்ளே."

அப்பா இறந்த பிறகு அண்ணன் பஹ்ரைனுக்குப் போனான். அங்கே ஓர் அரபியின் படகில் மீன்பிடிக்கும் வேலை. நான் முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடையில் இருக்கும் எங்கள் ஊரிலேயே, கோயில் வளாகத்துக் கடைகளில் ஒன்றை வாடகைக்குப் பிடித்து நான்கு கணினிகளோடு பிரவுசிங் சென்டர் நடத்தினேன். இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் எங்கள் ஊரில் சென்டர் என்றால் அது ஒன்றுதான். கணினி படித்த பெண் ஊரிலேயே இருந்து கடை வைக்கிறாளே என்று சிலருக்கு ஆச்சரியம், சிலருக்கு எரிச்சல். இரண்டு வகையினரும் ரயில் டிக்கெட் எடுக்க என்னிடம்தான் வந்தார்கள்.

அண்ணன் கரைக்கு வந்தால் சென்டர் ஃபோனுக்கு அழைப்பான். யாராவது ஓடிப்போய் அம்மாவைக் கூட்டி வருவார்கள். நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொள்ள, அம்மா எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து என் வாயையே பார்ப்பாள். அண்ணன் பேசப்பேச நான் வாயசைத்துச் சொல்ல வேண்டும். அவன் எப்போதும் அவசரத்தில்தான் பேசுவான். "சுகமா இருக்கேன்னு சொல்லு. மீனெல்லாம் உண்டுன்னு சொல்லு. கோயில் பெருநாளுக்கு வாறேன்னு சொல்லு." நான் சொல்வேன். அம்மா முழுவதும் நம்பியதே இல்லை.

"அவன் இவ்வளவுதான் பறைஞ்சானா? நீ பாதிய முழுங்குதே, ஏட்டி."

"நான் என்னத்துக்கும்மா முழுங்கணும்? அவன் சொன்னதத்தான் சொல்லுதேன்."

"எனக்கு அவன் வாயக் காணணும். அவன் பொய் சொன்னா மேலுதடு தனியா நிக்கும். ஒனக்க வாயில அது தெரியுமா?"

தெரியாதுதான். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. மகன் பேசுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். நான் கணினி படித்தவள், அதைச் செய்து கொடுக்க முடியும் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கவில்லை.

முதலில் நாகர்கோவிலுக்குப் போய்ப் பார்த்தோம். அங்கே பெரிய சென்டர்களில் எல்லாக் கணினியிலும் கேமரா உண்டு. ஆனால் அண்ணன் எப்போது கரைக்கு வருவான் என்பது கடலுக்கும் அரபிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். வந்தால் துறைமுகத்தை ஒட்டி ஒரு மலையாளி நடத்தும் கஃபேக்குப் போய் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். அம்மா கோயிலுக்கு உடுத்தும் சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். நாங்கள் போய்ச் சேர்ந்து, ஒரு கேபின் காலியாகி, அவன் பெயரைத் தட்டிப் பார்த்தபோது அவன் கிளம்பிப் போயிருந்தான். ஐஸ் ஏற்றி முடித்ததும் படகுக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். திரும்பும் பஸ்ஸில் அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "எனக்கு இனி ஒண்ணும் காணாண்டாம்." பஸ் முழுக்க எங்களைப் பார்த்தது.

ஆகவே, கேமரா எங்கள் ஊரிலேயே வேலை செய்ய வேண்டும். இங்கேதான் லினக்ஸ் குறுக்கே வருகிறது.

தொடக்கத்தில் நானும் எல்லோரையும் போலக் கள்ள சிடி போட்டு விண்டோஸ்தான் வைத்திருந்தேன். ஊர்ப் பையன்களின் பென் டிரைவ்களில் வந்த வைரஸ்கள் வாரம் ஒரு கணினியைச் சாய்த்தன. போதாக்குறைக்கு, டவுனில் சென்டர் சென்டராகச் சோதனை நடக்கிறது, கள்ள சிடி இருந்தால் கணினியையே தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு பேச்சு. கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியை நான்கிலும் ஏற்றினேன். வைரஸ் போனது, பயம் போனது. மெயில் பார்க்க, பரீட்சை முடிவு பார்க்க, பயோடேட்டா அடிக்க ஒரு குறையும் இல்லை. கொஞ்ச நாள் நான் நிலத்தில் கால் பாவாமல் நடந்தேன்.

அண்ணன் ஒரு கேமராவை வாங்கி, லீவில் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். செருகியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. படம் வரவில்லை. கேமராவைக் கணினிக்குப் புரியவைக்க டிரைவர் என்று ஒரு நிரல் வேண்டுமாம். டிரைவரை நானே கட்டிக்கொள்ள வேண்டுமாம். கட்டுவதற்குச் சில கருவிகள் வேண்டுமாம். அவற்றுக்கு வேறு சில கோப்புகள் வேண்டுமாம். லினக்ஸில் எல்லாம் பேக்கேஜ் பேக்கேஜாகத்தான் வரும். ஒவ்வொரு பேக்கேஜும் தான் யாரைச் சார்ந்து நிற்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வரும். கல்யாணத்துக்கு ஒரு பெரியம்மாவைக் கூப்பிடப் போனால், அவளுடைய நாத்தனாரைக் கூப்பிட்டாயா, நாத்தனாரின் சம்பந்தியைக் கூப்பிட்டாயா என்று கேட்பார்களே, அந்த வகை. கூப்பிடாவிட்டால் பெரியம்மா வரமாட்டாள். கூப்பிட்டாலோ, அந்தச் சம்பந்திக்கும் ஏற்கெனவே பந்தியில் உட்கார்ந்திருப்பவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

திரையில் வரும் செய்தி எனக்கு மனப்பாடம். இது அதைச் சார்ந்தது, ஆனால் அது நிறுவப்படப்போவதில்லை. ஏன் நிறுவப்படப்போவதில்லை என்று சொல்லாது. வேண்டும் என்பதும் அதுதான், மாட்டேன் என்பதும் அதுதான். "அப்போ நான் என்னத்தைச் செய்யணும், சனியனே?" என்று சத்தமாகவே கேட்டிருக்கிறேன். பக்கத்தில் மெயில் பார்த்துக்கொண்டிருந்தவர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார்.

இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாமே என்பீர்கள். பிராட்பேண்ட் என்று ஒன்று வந்திருந்தது. கடல் காற்றில் தந்திக் கம்பத்துப் பெட்டி துருப்பிடித்துப்போய், பெரிய கோப்பு எதை இறக்கினாலும் பாதியில் அறுந்துவிடும். நான் வைத்திருந்த பதிப்பு பழசாகிவிட்டதால் அதற்கான கோப்புகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் எங்கள் ஊரில் எது வேண்டுமென்றாலும் செய்வதையே நானும் செய்தேன். கல்ஃபில் இருப்பவரிடம் சொல்லிவிட்டேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, துபாயில் ஒரு கம்பெனியில் ஆபீஸ் பாய். எல்லோரும் போன பிறகு அவர் கையில் வேகமான இணையம். எனக்கு வேண்டிய பேக்கேஜ்களின் பெயர்களையும் பதிப்பு எண்களையும் மெயிலில் எழுதினேன். அவர் சிடியில் எழுதி, யார் லீவில் வருகிறார்களோ அவர்களிடம் கொடுத்தனுப்புவார். வந்தவர் வீட்டில் பெட்டி பிரிக்கும்போது நான் போய் நிற்பேன். சோப்பு, டார்ச், பேரீச்சம்பழம், கோடாலித் தைலம் எல்லாம் அவரவர் பெயருக்குப் பிரிந்து போகும். கடைசியில் என் சிடி வரும், தைல வாசனையோடு.

முதல் சிடியைப் போட்டுப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் கேட்ட பெயர்கள் எல்லாம் இருந்தன. ஆனால் பதிப்பு ஒன்றுகூட நான் கேட்டதில்லை. எல்லாம் புத்தம் புதிது. என் கணினி இரண்டு வருடப் பழசு, அதற்கு அதே வயதுள்ள கோப்புகள்தான் ஒத்துக்கொள்ளும். மாமாவுக்கு ஃபோன் போட்டேன்.

"மாமா, நான் நம்பர் எழுதியிருந்தேனே, அதத்தானே கேட்டேன்?"

"அது பழசாக்கும் மக்கா. அந்தச் சைட்டுலயே போட்டிருக்கான், பழசுன்னு. அதுதான் புதுசா எடுத்தேன்."

"எனக்குப் பழசுதான் மாமா வேணும்."

"கல்ஃபுல இருந்துட்டு பழசையா கொடுத்துவிடுவாங்க? நாலு பேரு என்ன பறைவான்? அக்காவுக்க காரியமில்லியா இது?"

அவர் குரலில் வருத்தம் இருந்தது. அவரை என்ன சொல்வது? கல்ஃபுக்குப் போன யாரும் எங்கள் ஊருக்குப் பழைய மாடலை அனுப்பியதில்லை. சின்ன டார்ச் கேட்டால் பெரிய டார்ச் வரும், சாதாரண வாட்ச் கேட்டால் அலாரம் வைத்த வாட்ச் வரும். அதுதான் பாசம். அந்தப் பாசத்துக்கு முன்னால் பதிப்பு எண்ணைப் பற்றிப் பேசுவது நன்றிகெட்டத்தனமாகத் தோன்றியது. சரி மாமா என்று வைத்துவிட்டேன். அடுத்த முறை கெஞ்சி எழுதினேன். பாதியைக் கேட்டபடி அனுப்பினார். மீதியில் மனசு கேட்காமல் புதுசையே வைத்திருந்தார்.

அம்மா ஒவ்வொரு சிடியின் போதும் வந்து பக்கத்தில் உட்காருவாள். நீலத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடும்போது ஆவலாகப் பார்ப்பாள். "வந்திட்டா?" என்பாள். நின்றுவிடும். நான் அவளைத் திரும்பிப் பார்க்கமாட்டேன். பார்த்தால் வாயசைத்து ஏதாவது சொல்ல வேண்டும். இணையத்தில் கணினி மன்றம் ஒன்றில் எழுதிக் கேட்டேன். எல்லாவற்றையும் புதிய பதிப்புக்கு மாற்று என்றார் ஒருவர். முதலில் கையேட்டைப் படித்துவிட்டு வா என்றார் இன்னொருவர். அந்தக் கையேட்டைப் படித்துப் படித்துத்தான் எனக்குக் கண்ணாடியே வந்தது.

கடைசியில் பொறுமை போய், மாமாவின் புதுசுகளை மூன்றாம் நம்பர் கணினியில் வலுக்கட்டாயமாக ஏற்றினேன். சார்பு எதையும் பார்க்காதே, உள்ளே தள்ளு என்று சொல்ல ஒரு கட்டளை உண்டு. செய்யாதே என்று எல்லோரும் சொல்லும் கட்டளை. முதல் தடவை திரையே வராமல் போனது. பழைய சிடியைப் போட்டு முதலிலிருந்து ஏற்றினேன். மறுபடி தள்ளினேன். இந்தத் தடவை திரை வந்தது. கேமராவும் வந்தது. திடீரென்று என் மூஞ்சியே திரையில், கலைந்த தலையோடு. நான் போட்ட சத்தத்தில் கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை எட்டிப் பார்த்தார்.

பிறகுதான் தெரிந்தது, ஒலி செத்துப்போயிருந்தது. வீடியோ பேசும் நிரல் புதிய ஒலிக் கோப்பு ஒன்றைக் கேட்டிருந்தது. அது உள்ளே வந்து பழையதைத் துரத்திவிட்டது. கணினியின் மற்ற பாகங்களுக்கோ பழையதைத்தான் தெரியும். பழையதைத் திரும்ப வைக்கப் போனால் வீடியோ நிரலையும் கழற்றிவிடுவேன் என்றது. படம் வேண்டுமா, சத்தம் வேண்டுமா? இரண்டும் வேண்டும் என்பதற்கு அதனிடம் பதிலே இல்லை.

இரண்டையும் எப்படியாவது சேர்த்துவிடலாம் என்று நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அண்ணனின் மிஸ்டு கால் வந்தது. அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். உட்கார வைத்தேன். சற்று நேரம் கறுப்பு. பிறகு அண்ணன்.

இளைத்திருந்தான். நெற்றி ஏறியிருந்தது. வாயைத் திறந்து ஏதோ சொன்னான், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் ஆங்கில எழுத்தில் தமிழை அவசரமாகத் தட்டினேன்: சத்தம் வரவில்லை, எங்களுக்கும் இல்லை உனக்கும் இல்லை, டைப் பண்ணு. அதைப் படித்தான். ஆனால் தட்டவில்லை. அம்மாவைப் பார்த்துவிட்டான். வீட்டில் அவளிடம் பேசுவது போலவே, முகத்தை நேரே வைத்து, மெதுவாக, உதடு முழுசாக அசைய, "அம்மா" என்றான். அது எனக்கே தெரிந்தது.

அம்மா திரையில் கை வைத்தாள். "இளைச்சுட்டான்," என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி. அவள் சொல்வது அவனுக்குக் கேட்காது. அதனால் அவள் கேட்பதை நான் தட்டினேன். சாப்பிட்டியா? அவன் பதில் சொன்னான், அவளிடம். கையில என்ன காயம்? சொன்னான். படம் சில நேரம் நின்று நின்று வந்தது. அப்போதெல்லாம் அவன் அதையே திரும்பச் சொன்னான். எப்போ வாறே மக்கா?

அவன் அதைப் படித்தான். கீழே பார்த்தான். பிறகு பேசினான், வெகுநேரம். ஃபோனில் இவ்வளவு நேரம் அவன் ஒருநாளும் பேசியதில்லை. நான் அவன் வாயைப் பிடிக்கப் பார்த்தேன், ஒரு சொல்லும் அகப்படவில்லை. இத்தனை வருடம் அம்மாவிடம் வாயசைத்த நான், ஒரு வாயைப் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. நடுவில் அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்தான். அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

"சரி மக்கா, அம்மைக்கு மனசிலாச்சுன்னு எழுது," என்றாள் என்னிடம். எழுதினேன்.

படம் போன பிறகு அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன். "என்ன சொன்னான்?"

"பாஸ்போர்ட்டு அரபிக்க கையில இருக்காம். கேட்டா தரமாட்டேங்கானாம். போன பெருநாளுக்கு முந்தியே கேட்டிருக்கான். கேட்டதுக்கு அரபி அடிச்சிருக்கான். இப்பவும் எப்பன்னு தெரியாதாம்."

"எங்கிட்ட பெருநாளுக்கு வாறேன்னுதானே சொல்லிட்டிருந்தான்?"

"ஒங்கிட்ட சொன்னா நீ எங்கிட்ட சொல்லணும். அத ஒனக்க வாயில வைக்க அவனுக்கு மனசில்லியாம்."

அந்த நேரத்தில் எனக்குச் செய்யத் தெரிந்த ஒன்றே ஒன்றைச் செய்தேன். கணினி முன் உட்கார்ந்து ஒலிக் கோப்புகளைப் பிரிக்கத் தொடங்கினேன். சத்தம் வந்துவிட்டால் அவன் சொல்வதை நானே காதால் கேட்கலாம், எந்த அரபி, எந்தப் படகு, யாரிடம் போய் எழுதிக் கொடுக்கலாம் என்று. அம்மா என் கையைப் பிடித்தாள்.

"சத்தத்த சரியாக்காண்டாம்."

"ஏம்மா?"

"சத்தம் வந்தா நீ கேக்கேன்னு அவனுக்குத் தெரியும். மறுபடியும் சுகமா இருக்கேன்னுதான் சொல்லுவான்."

கையை எடுத்துவிட்டேன். ஒரு பேக்கேஜை இப்போது இருப்பது போலவே நிறுத்தி வை, இனி யார் கேட்டாலும் மாற்றாதே என்று லினக்ஸிடம் சொல்ல வழி உண்டு. வீடியோ நிரலுக்கும் புதிய ஒலிக் கோப்புக்கும் அதைப் போட்டேன். நான் அந்த வருடம் முழுவதும் கணினியிடம் சொன்னதில், எதிர்ப்பேச்சு இல்லாமல் அது கேட்டுக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

அண்ணனுக்காக எழுதிக் கேட்காத இடமில்லை. ஒரு இடத்தில் முதலாளியின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். முதலாளிக்கு எழுத அவருடைய சரியான முகவரி வேண்டும். முகவரி பாஸ்போர்ட்டோடு இருந்த காகிதங்களில் இருந்தது. சாமியார் எழுதிக் கொடுத்தார், மாமா துபாயிலிருந்து தனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் பிடித்துப் பார்த்தார். அவன் ஊர் வந்து சேர மேலும் இரண்டு பெருநாள்கள் கழிந்தன.

அதுவரை அம்மா மூன்றாம் நம்பர் கணினியில்தான் உட்காருவாள். படம் வரும். அண்ணன் வாயசைப்பான், அம்மா தலையாட்டுவாள். நான் அவள் கேட்கச் சொன்னதைத் தட்டிக் கொடுத்துவிட்டு, அவன் என்ன பதில் சொல்கிறான் என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.